தறி நின்ற நேரம்

அக்கா,

இன்று பகல் ஆந்திர எல்லையில் நம் நகரியில் கரண்ட் போனது. தெருவின் விசைத்தறிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் ஓய்ந்தன. அந்த அமைதியில் முதலில் வந்தது உங்கள் ஞாபகம்தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து நீங்கள் வந்திருந்தபோது, திருப்பதியிலிருந்து பஸ்ஸில் உங்களை இங்கே அழைத்து வந்தேன். மூன்று நாட்டு உளவியலாளர்கள் சேர்ந்து நடத்தும் திட்டத்தில் நான் பார்க்கும் நகரி ஆலோசனை மையம் நீடிக்குமா என்பது உங்கள் அறிக்கையைப் பொறுத்திருந்தது. ஆலோசனை மூடிய அறையில்தான் நடக்க வேண்டும் என்பது முதல் விதி. அதை எழுதியவரே நீங்கள். இரண்டு நாள் அறையில் காத்திருந்தோம். ஒருவரும் வரவில்லை.

தறி ஓட்டும் செல்விதான் வாசலில் நின்று சிரித்தாள். "கதவ சாத்திக்கினு பேசினா, இவளுக்கு இன்னாவோ ஆயிப்போச்சுன்னு தெருவே சொல்லும் மேடம். தறிகிட்ட வாங்க. அங்க கத்தினாகூட பக்கத்துல கேக்காது."

மூன்றாம் நாள் கொட்டகையில், ஓடும் தறியின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தோம். "இந்தச் சத்தத்துக்குள்ள எப்பிடிக் கதைக்கிறது?" என்று என் காதில் கத்தினீர்கள். "இதுதான் இங்க கதவு, அக்கா!" என்று நானும் கத்தினேன்.

செல்வி உங்கள் காதோரம் பேசிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. "புள்ளய பாத்தாகூட ஒண்ணுமே தோணல" என்ற அவள் குரல் கொட்டகை முழுவதும் கேட்டது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எல்லாத் தறியிலிருந்தும் தலைகள் திரும்பின. செல்வி சொன்னதைக் கேட்டு நான் உங்களை உட்காரவைத்த இடம்தானே அது.

நீங்கள் குரலைத் தாழ்த்தவே இல்லை. "எனக்கும் அப்பிடித்தான் இருந்தது பிள்ளை, என்ர மகள் பிறந்த வருஷம். ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

கடைசித் தறியிலிருந்து ஒருத்தி கேட்டாள்: "உங்க ஊர்லயும் அப்படித்தானா மேடம்?"

"ஓம்" என்றீர்கள். எங்கள் 'ஆமா' உங்கள் ஊரில் 'ஓம்'.

"எனக்கு ரெண்டாவதுக்கு அப்படி இருந்துச்சு" என்றாள் அவள். பிறகு கரண்ட் வந்தும் நெடுநேரம் யாரும் தறியைப் போடவில்லை.

அடுத்த வாரக் காணொளிக் கூட்டத்தில் உங்கள் விதியை நீங்களே அடித்தீர்கள். 'அவர்கள் பேசத் துணியும் இடத்தில்' என்று மாற்றி எழுதினீர்கள். மையம் மூடாமல் தப்பியது.

அன்று கொட்டகையிலிருந்து திரும்பும் பஸ்ஸில், "நீங்கள் மட்டும் ஒண்டும் சொல்லேல்லையே?" என்று கேட்டீர்கள். சொல்ல ஒன்றுமில்லை என்றேன். "ஓம், ஓம்" என்று நம்பாமல் சிரித்தீர்கள்.

நீங்கள் தவறிப்போன செய்தியும் பின்னர் அப்படியொரு காணொளிக் கூட்டத்தில்தான் வந்தது. கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டில்கூடச் சொல்லவில்லை.

இன்று தறி நின்றபோது என் எதிரே, பேசுவதற்குப் புதிதாக வந்த ஒரு பெண். "தூக்கமே வர்றதில்ல" என்ற பாதிப் பேச்சு வெளியே விழுந்துவிட, கூசித் தலையைக் குனிந்துகொண்டாள். எல்லோரும் பார்த்தார்கள்.

"எனக்கும்தான் வரல" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. "எங்க அக்கா ஒருத்தங்க போயிட்டாங்க."

செல்வி தன் தறியை விட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "யாரு, அந்த யாழ்ப்பாணத்து மேடமா?"

"ஓம்" என்றுதான் என் வாயில் வந்தது, அக்கா.