தோற்றவள் தொட்டி தேய்க்க வேண்டும்

ஜனவரி 12

என் உம்மணாமூஞ்சிக்கு,

உன் வாயாடி அக்கா எழுதுவது. நான் நலம். நீயும் அதே தூக்கிவைத்த முகத்தோடு நலமாக இருப்பாய். அந்த ஊர்க் காற்று பட்டுச் சிரிக்கக் கிரிக்கப் பழகிவிடாதே, எனக்கு அடையாளம் தெரியாமல் போய்விடும்.

உன் கடிதம் வந்தது. பிரித்தால் நலம் விசாரிப்பு இரண்டு வரி, ஸ்பானிஷ் ஒரு பக்கம்! ஏண்டி, ஐந்தாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவளுக்கு இந்த வயதில் பாடம் எடுக்கிறாயே, அடுக்குமா? ஆனாலும் நீ எடுத்த வார்த்தை எனக்குப் பிடித்துவிட்டது. அமஸார். மாவு பிசைவது. நடப்பது, நீந்துவது என்று எதையாவது அனுப்பியிருந்தால் அன்றைக்கே அடுப்பில் போட்டிருப்பேன்.

அமாஸோ, நான் பிசைகிறேன். அமாஸாஸ், நீ பிசைகிறாய். அமாஸா, அவள் பிசைகிறாள். அமஸாமோஸ், நாம். அமஸாயிஸ், நீங்கள் எல்லாரும். அமாஸான், அவர்கள். பார்க்காமல்தான் எழுதினேன், சத்தியம். முதல் நாள் மட்டும் வாயில் அமாவாசை என்றே வந்தது. அடுப்புக்காரர் எட்டிப் பார்த்து, "என்னம்மா, நிலாவக் காணோமா?" என்றார்.

எப்படி மனதில் ஏறியது தெரியுமா? நம் போட்டிதான். பேக்கரி மேஜைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ, நடுவில் மாவு. வாடிக்கைக்காரர்களுக்கு நாம் வைத்த பட்டப்பெயர்களை ஒரே மூச்சில் அடுக்குவோமே, ஒரு பெயருக்கு ஓர் அழுத்து. நடுவில் மூச்சு வாங்கியவள் அன்றைக்கு மாவுத் தொட்டி தேய்க்க வேண்டும். நீ தேய்த்துத் தேய்த்தே அந்தத் தொட்டி பளபளத்தது. இப்போது பட்டப்பெயருக்குப் பதில் அமாஸோ. எதிரே நீ இல்லை, சுவர்தான் இருக்கிறது. உன்னைவிடக் கொஞ்சம் கலகலப்பான சுவர்.

போன் செய்வதாக எழுதியிருந்தாய். வேண்டாம். போனில் நீ அழுவாய், நான் கிண்டல் செய்வேன், பாடம் நடக்காது. எழுதியே அனுப்பு. அடுத்தது நேற்றைக்குப் பிசைந்ததைச் சொல்லிக்கொடு.

மாவுத் தும்மல் கொஞ்சம் இருக்கிறது. பருவம் மாறினால் சரியாகிவிடும்.

உன்
வாயாடி


பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ சொன்னபடி சிரிக்கவில்லை.

இங்கே பேக்கரி முதலாளியம்மாவிடம் உன்னைப் பற்றிச் சொல்லிவிட்டேன். மேஜைக்கு எதிர்ப்பக்க ஆள் வேலையை விட்டுப் போகிறாள். உன்னையே எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார். ஒரே நிபந்தனை, அவர் போனில் கேட்பதற்கு நீ அவர் பாஷையில் பதில் சொல்ல வேண்டும். "கை வேல தெரிஞ்சா மட்டும் போதாது, நான் சொல்றது புரியணும்" என்கிறார். மாவைப் பற்றித்தான் கேட்பாராம். அதனால்தான் இந்த ஒரு வார்த்தையை எல்லாக் காலத்திலும் கற்றுக்கொள் என்கிறேன். இது ஒழுங்கான வார்த்தை, அக்கா. இதன் வால் எப்படி மாறுகிறதோ, அப்படியே நூற்றுக்கணக்கான வார்த்தைகளுக்கும் மாறும்.

நடந்து முடிந்தது இரண்டு விதம். ஒருநாள் பிசைந்து முடித்தது என்றால் அமஸே, அமஸாஸ்தே, அமஸோ, அமஸாமோஸ், அமஸாஸ்தேயிஸ், அமஸாரோன். தினமும் பிசைந்துகொண்டிருந்தோமே, அது அமஸாபா, அமஸாபாஸ், அமஸாபா, அமஸாபமோஸ், அமஸாபாயிஸ், அமஸாபான்.

என் அறையில் இரண்டு கட்டில். ஜன்னலோரம் இருப்பது உனக்கு. அதன்மேல் துணிகூட வைப்பதில்லை.

போன் ஏன் வேண்டாம்? பாடம் இருக்கட்டும், உன் குரலைக் கேட்டு எத்தனை காலமாயிற்று. தும்மலுக்கு மருந்து சாப்பிடு.

அன்புடன்,
உன் தங்கை


பிப்ரவரி 24

ஜன்னலோரக் கட்டிலைக் காவல் காக்கும் உம்மணாமூஞ்சிக்கு,

கட்டில் என்னைத் தாங்குமா என்று விசாரித்தாயா? உன்னைப் போல் ஊதினால் பறக்கிற உடம்பா எனக்கு?

ஒரு தடவை செய்ததற்கு ஒரு பேச்சு, தினமும் செய்ததற்கு இன்னொரு பேச்சு. நல்ல பாஷைதான் போ. நம் முதலாளி சம்பளம் உயர்த்தியது முதல் வகை, திட்டியது இரண்டாம் வகை. சரியா டீச்சர்?

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். வால் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான் என்றாயே, ஒட்டிப் பார்த்தேன். உம்மணார்! உம்மணோ, நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிறேன். உம்மணாஸ், நீ தூக்கிவைத்துக்கொள்கிறாய். நமக்கு உம்மணாமோஸ் கிடையாது, ஏனென்றால் என்னால் முடியாது. இதை உன் முதலாளியம்மாவிடம் சொல்லிப் பார், புரிகிறதா என்று.

ஒரு செய்தி. என்னை மேஜையிலிருந்து எடுத்துக் கடை முகப்பில் பன் அடுக்கப் போட்டிருக்கிறார்கள். என் அழகைச் சுவர் மட்டும் பார்த்து என்ன பயன், நாலு பேர் பார்க்கட்டும் என்று முதலாளி நினைத்திருப்பார். கொஞ்ச நாளைக்குத்தான். தும்மல் இருமலாகி, மூக்கைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு நிற்கிறேன். வருகிறவர்கள் எல்லாம் கொள்ளைக்காரி என்று நினைத்துச் சில்லறையைச் சரியாகக் கொடுத்துவிடுகிறார்கள்.

வரிசையை இப்போது மூன்று மூன்றாகப் பிரித்துச் சொல்கிறேன். அப்படிச் சொன்னால் மனதில் நன்றாக நிற்கிறது.

இனிமேல் பிசையப்போவதை அனுப்பு. அதுதானே நமக்கு வேண்டியது.

உன்
கொள்ளைக்காரி


மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

உம்மணாரைச் சொன்னேன். முதலாளியம்மா கொஞ்ச நேரம் யோசித்து, "எங்க பாட்டி காலத்து வார்த்தையா இருக்கும்" என்றார். நான் சிரித்துவிட்டேன். மன்னித்துக்கொள்.

பிசையப்போவது: அமஸரே, அமஸராஸ், அமஸரா, அமஸரேமோஸ், அமஸரேயிஸ், அமஸரான். அமஸரேமோஸ், நாம் பிசைவோம். இதை மட்டும் பெரிய எழுத்தில் எழுதி அடுப்புக்கு மேல் ஒட்டிவிட்டேன்.

முடிந்தால் பிசைவேன் என்பது போலச் சொல்ல அமஸரியா. அமஸரியாமோஸ் என்றால் நாம். அதை அவர் கேட்க மாட்டார், தெரிந்து வைத்துக்கொள். ஆசைப்படும்போது இன்னொரு மாதிரி: ஓஹலா அமஸேமோஸ், நாம் பிசைய வேண்டுமே என்று அர்த்தம். எதிரே நிற்பவளைப் "பிசைடி" என்று விரட்டுவதற்கு அமாஸா போதும். அது உனக்குச் சுலபம்.

ஏப்ரல் 6, காலையில் கடை திறந்தவுடன் முதலாளியம்மா உங்கள் கடைப் போனுக்கு அழைப்பார். நான் பக்கத்திலேயே நிற்பேன். உனக்குப் புது ஏப்ரன் வாங்கி ஆணியில் மாட்டியிருக்கிறேன். என்னுடையதற்குப் பக்கத்து ஆணி.

ஒன்று கேட்கிறேன், கிண்டல் செய்யாமல் பதில் எழுது. இருமலுக்கு டாக்டரிடம் போனாயா?

உன் தங்கை


மார்ச் 29

உம்மணாமூஞ்சிக்கு,

போனேன் போனேன். டாக்டர் என் முதுகில் குழாயை வைத்து, "மூச்சை இழுத்து விடுங்க" என்றார். "எதுக்கு டாக்டர், போட்டியா?" என்றேன். அவரும் உன் ஜாதிதான், சிரிக்கவில்லை. மருந்து கொடுத்திருக்கிறார்.

ஏப்ரனின் கயிறு நீளமாக இருக்கிறதா பார். பாடம் எல்லாம் தயார். போனுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு வைத்துவிட்டேன்.

உன்
வாயாடி


ஏப்ரல் 6

அக்கா,

போனை வைத்த கையோடு எழுதுகிறேன். மாவுக் கை, தாளெல்லாம் வெள்ளையாகியிருக்கும்.

முதலாளியம்மா நன்றாகத்தான் ஆரம்பித்தார். எந்த மாவு, எவ்வளவு தண்ணீர் என்று கேட்டார். ஒவ்வொரு வார்த்தையாகச் சரியாகச் சொன்னாய். பிறகு, "வரிசையா சொல்லுங்க பாப்போம்" என்றார். நீ அமாஸோ, அமாஸாஸ், அமாஸா என்றாய். நின்றுவிட்டாய். அவர் காத்திருந்தார். மறுபடி ஆரம்பித்தாய், மறுபடி அதே இடத்தில் நின்றாய். அவர் போனைக் கையால் மூடிக்கொண்டு என்னிடம், "பாதிதான் படிச்சிருக்கா, பாவம் கூச்சப்படறா" என்றார்.

கூச்சம்! உனக்கு!

அக்கா, நீ எதையாவது மறந்தால் எப்படி மறப்பாய் என்று எனக்குத் தெரியும். மறந்தால் சிரிப்பாய், வாய்க்கு வந்ததைச் சேர்த்து முடிப்பாய். இன்றைக்கு நீ சிரிக்கவில்லை. நான் ரிசீவர்மேல் காதை வைத்துக்கொண்டுதான் நின்றேன். நடுவில் கேட்டது கதவுக் கீல் சத்தம் மாதிரி இருந்தது. அது உன் மூச்சு. இத்தனை வருஷம் உனக்கு எதிரே நின்று நீ எப்போது மூச்சு வாங்குவாய் என்று காத்திருந்தவள் நான். ஒருநாள்கூட நீ வாங்கியதில்லை.

மூன்று மூன்றாகப் பிரித்தது மனதில் நிற்பதற்காக இல்லை. போன் வேண்டாம் என்றதும் பாடத்துக்காக இல்லை. மேஜையிலிருந்து எடுத்ததும் உன் அழகுக்காக இல்லை.

டாக்டர் என்ன சொன்னார்? உண்மையை எழுது. இல்லையென்றால் வேலையை விட்டுவிட்டுப் புறப்பட்டு வந்துவிடுவேன்.

உன் தங்கை


ஏப்ரல் 20

என் கண்ணுக்கு,

மிரட்டுகிறாய். நான் சொல்லிக்கொடுத்ததுதானே.

சரி, எழுதுகிறேன். "இவ்வளவு வருஷமா மூக்கு வழியா மாவு போயிருக்கு. நெஞ்சுக்குள்ள குழாயெல்லாம் சுருங்கிடுச்சு. இனிமே பேக்கரி வாசப்படி மிதிக்கக் கூடாதும்மா" என்றார் டாக்டர். முகப்பில் நின்றாலும் ஆகாதாம். அவர் இதைச் சொன்னது உன் முதல் பாடம் வருவதற்கு முன்பே. ஆமாம், அப்போதே தெரியும். அப்புறம் எதற்குப் படித்தாய் என்று கேட்பாய். உன் கடிதம் வர வேண்டுமே. இந்தப் பாடம் முடிகிறவரை எழுதிக்கொண்டிருப்பாய் அல்லவா? ஒரு வேளை உடம்பு சரியாகிவிடும் என்றும் ஒரு மூலையில் நினைத்தேன். நானும் ஆசைப்படுகிற ஆள்தான், ஓஹலாவுக்கு வயது ஏது.

கடையை விட்டுவிட்டேன். அண்ணன் வந்து அவன் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டான். மாடியில் அறை, மாவு வாசனையே கிடையாது, மருந்து வாசனைதான். மாடிப்படியில் நடுவில் உட்கார்ந்துதான் ஏறுகிறேன். அண்ணி அங்கே ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறாள். "மகாராணிக்கு வழியெல்லாம் சிம்மாசனம்" என்கிறாள். என் சீண்டல் அவளுக்கும் தொற்றிவிட்டது.

நீ வரக்கூடாது. வந்தால் என்ன செய்வாய், என் இருமலை எண்ணுவாயா? அந்த வேலைக்காக நீ எப்படியெல்லாம் கஷ்டப்பட்டாய் என்று எனக்குத் தெரியும். வந்துவிட்டால் மறுபடி போக முடியாது. என் கட்டிலை வேறு யாருக்காவது கொடு. ஏப்ரனையும் கொடு. எதிரே நிற்கப்போகிறவளிடம் நம் போட்டியைச் சொல்லிக்கொடு. உன் மூஞ்சியைப் பார்த்து அவள் பயந்துவிடாமல் கொஞ்சம் சிரித்து வை. இவ்வளவு நாள் கூடாது என்றேன், இப்போது சொல்கிறேன், சிரி.

வரிசை முழுவதும் எனக்குத் தெரியும். எல்லாக் காலமும் இந்தத் தாளுக்குப் பின்பக்கம் பார்க்காமல் எழுதியிருக்கிறேன். எழுதினால் மூச்சு வாங்காது, அதுதான் எழுத்தில் இருக்கிற சௌகரியம். உன் முதலாளியம்மாவிடம் சொல், வாயாடி முழுவதும் படித்தவள்தான் என்று.

உன்
அக்கா


ஜூலை 9

வாயாடி அக்காவுக்கு, உம்மணாமூஞ்சி எழுதுவது.

ஏப்ரலுக்குப் பிறகு நான் எழுதிய எதற்கும் பதில் வரவில்லை. போன் செய்தால் அண்ணன் எடுத்து, "இப்பதாம்மா தூங்கினா" என்கிறார். எப்போது செய்தாலும் இப்போதுதான் தூங்கியிருக்கிறாய். உன் மூச்சை நான் கேட்டுவிடக் கூடாது என்று நீதான் சொல்லச் சொல்லியிருப்பாய். பின்னால் கதவுக் கீல் சத்தம் கேட்கத்தான் செய்கிறது.

முதலாளியம்மாவிடம் சொன்னேன், நீ முழுவதும் படித்தவள் என்று. உன் கடிதங்களில் இருந்த வரிசைகளைக் காட்டினேன். அடுப்புக்கு மேல் இருந்த தாளை நான் எடுக்கப்போனேன், அவர் எடுக்க விடவில்லை.

எதிரே ஒரு பெண் வந்திருக்கிறாள். நல்லவள். ஏப்ரனைக் கொடுத்துவிட்டேன், கயிறு அவளுக்குச் சரியாக இருக்கிறது. கட்டிலைக் கொடுக்கவில்லை. போட்டியைச் சொன்னேன். அவள் பிறந்ததிலிருந்து பேசுகிற பாஷை, ஒரே மூச்சில் எல்லாக் காலத்தையும் கொட்டிவிடுகிறாள். நான் அமாஸோ, அமாஸாஸ், அமாஸா என்று சொல்லி அங்கேயே நிறுத்திக்கொள்கிறேன். மூச்சு இருக்கிறது, அக்கா, ஆனாலும் அதற்கு மேல் போகத் தோன்றவில்லை. அவள் என்னைப் பார்த்து, "பாதிதான் தெரியுமா?" என்கிறாள். கூச்சம் என்று சொல்லிவைத்தேன். நீ சொன்னபடி சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

நம் போட்டியில் விதி ஒன்றுதான். அன்றைக்குப் போனில் நீ தோற்றுவிட்டாய். வாழ்க்கையில் முதல் தடவை. தொட்டி உன் முறை. நீ வருவாய் என்று ஒருநாள் அப்படியே விட்டுவைத்தேன், மாவு காய்ந்து இறுகிப்போயிற்று.

இன்று காலை தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, உனக்குப் பதிலாக நானே தேய்த்துவிட்டேன்.

உன்
உம்மணாமூஞ்சி