உன் பழைய விண்டோஸை என்ன செய்வது, அக்கா?

குட்டிக் குட்டியே என்னை ஆளாக்கிய செல்விக்கா,

செத்துப்போனவர்கள் மேல் கோபப்படக் கூடாதாம். அம்மா சொல்கிறாள். எனக்கு அந்தப் பக்குவம் வரவில்லை. இந்தத் தை மாதம் முழுக்க உன்மேல் கோபமாக இருந்தேன். அதே நேரத்தில் ஒவ்வொரு வேலைக்கும் உன்னைத் தேடிக்கொண்டும் இருந்தேன். நம் ஊர்க்காரர்களும் படிக்கட்டும் என்றுதான் இதை ஊரறிய எழுதுகிறேன். நமக்குள் நடக்கிற சண்டைதான், ஆனால் அவர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது.

உன் இ-சேவைக் கடை நடக்கிறது. குடவாசல் கடைத்தெருவில் அதே இடம், அதே போர்டு. கட்டடக்காரர் உன் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போடச் சொன்னார், காது கேட்காதவன்போல இருந்துவிட்டேன். நீ விழுந்த சாலைப் பள்ளம் அப்படியேதான் இருக்கிறது. நீ இறந்த வாரம் அதில் மண்ணைக் கொட்டினார்கள், முதல் மழை அதை எடுத்துக்கொண்டு போய்விட்டது. உன் கம்ப்யூட்டரும் அப்படியேதான் இருந்தது, அதே பழைய விண்டோஸோடு.

கூத்தாநல்லூர் சாதிக்கை உனக்குத் தெரியும். என்னோடு பாலிடெக்னிக்கில் படித்தவன், கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறவன். நீ இருக்கும்போதே உன்னிடம் கெஞ்சிப் பார்த்தான். "அக்கா, இத தூக்கிட்டு புது விண்டோஸ் போட்டுடலாங்க்கா." உன்னிடம் ஒரே பதில்தான் இருந்தது. "ஓடுற வண்டிய எதுக்குடா பிரிக்கிற?"

ஓடுகிற வண்டி அறுப்பு உச்சத்தில் நின்றது அக்கா.

அரசுக் கொள்முதல் நிலையத்தில் நெல் போட வேண்டுமானால் முதலில் இணையத்தில் பதிய வேண்டும். பதிந்தால் டோக்கன், டோக்கன் இருந்தால்தான் மூட்டை தராசில் ஏறும். உனக்குத் தெரியாததா? அந்தத் தளத்தை, ஊரே அறுத்துக் களத்தில் போட்டிருக்கிற நேரம் பார்த்து மாற்றினார்கள். மாற்றியவன் ஒருநாளாவது வெயிலில் நெல்லைக் கிண்டியிருப்பானா? நம் கம்ப்யூட்டரில் பக்கம் திறக்கிறது, விவசாயியின் பெயர் வருகிறது, கடைசிப் பொத்தானை அமுக்கினால் கல்லாக நிற்கிறது. பிரௌசர் பழசாம். புது பிரௌசரோ பழைய விண்டோஸில் ஏறாதாம்.

அஞ்சம்மா சித்தியின் நெல் கொள்முதல் நிலைய வாசலில் குவியலாகக் கிடந்தது. நிலம் சென்னையில் இருக்கிறவர்கள் பெயரில், சேறும் வெயிலும் சித்தி பெயரில். பயிர் வைத்தது இவள்தான் என்று ஒரு அடங்கல் வாங்குவதற்கு நீ விஏஓ ஆபீஸுக்கு நடந்த நடை இருக்கிறதே, அதில் காசிக்கே போய்வந்திருக்கலாம். அந்த நெல்தான் ஒரு பொத்தானுக்காகக் காத்துக் கிடந்தது. கடலில் தாழ்வு நிலை என்று டிவியில் சொல்லிவிட்டார்கள். நனைந்தால் முளைவிடும். ஈரம் கூடினால் நிலையத்தில் வாங்க மாட்டார்கள். ஒரு வருட உழைப்பு தெருவோடு போகும்.

இழவு வீட்டுக்கு வருகிறவன் மாதிரி நெல் வியாபாரி பைக்கில் வந்தான்.

"ஏன் ஆத்தா, வானத்தையும் கம்ப்யூட்டரையும் மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டு நிக்கிற? ஒரு வார்த்த சொல்லு, லாரிய விடுறேன்."

"ஒன் வெலைக்குக் குடுக்குறதுக்கு மழைக்கே குடுத்துடுவேன்" என்றாள் சித்தி. "அதுவாவது இளிக்காம வாங்கிக்கும்."

பேச்சு அப்படி. ஆனால் அவள் கை முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தது. பக்கத்து சென்டருக்கும் போய் வந்தாள். "ஒங்க பேரெல்லாம் செல்வி சென்டர் லாகின்ல இருக்கு, இங்க ஏறாது" என்று அங்கிருந்தவன் சொல்லி அனுப்பிவிட்டான். பொய் சொல்லவில்லை, பழகிய ஆட்கள் எல்லாரையும் நம் லாகினில்தானே ஏற்றி வைத்திருந்தாய்?

சாதிக்கைக் கூப்பிட்டேன். வந்தான், பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான்.

"பழசு முழுக்க அழிஞ்சுதான்டா புதுசு ஏறும். பைலெல்லாம் காப்பி எடுத்துடுறேன், அதுக்குக் கவலப்படாத. கொள்முதல் சைட்டு பாஸ்வேர்டும் இதுக்குள்ளயே சேவ் ஆயிருக்கு, எடுத்துட்டேன். ஆனா புது மெஷின்னு நெனச்சிக்கிட்டு ஓடிபி கேக்கும். எந்த நம்பருக்குப் போவும்?"

நான் வாசல் போர்டைத் திரும்பிப் பார்த்தேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. "அக்கா நம்பரா?" என்றான்.

உன் எண்தான். கடை லாகினுக்கு உன் எண். போன் இல்லாத சித்திக்கும் உன் எண். சிம்மை மாற்றிக்கொண்டே இருக்கிறவர்களுக்கும், சிங்கப்பூரில் இருக்கிற புருஷன் பெயரில் பதிந்த பெண்களுக்கும் உன் எண். "எங்கிட்ட வரட்டும்டா, அவங்கள ஏன் அலைய விடணும்?" என்பாய். நீ ஒருத்தி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று நீயும் யோசிக்கவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை.

உன் காரியம் முடிந்த பிறகும் உன் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அம்மாவால் தாங்க முடியவில்லை. அணைத்துப் பீரோவில் உன் புடவைகளுக்கு நடுவே வைத்துவிட்டாள். ரீசார்ஜ் இல்லாமல் எண் செத்து, யாரோ ஒருவருக்குப் போய்விட்டது. வாட்ஸப்பில் உன் முகம் இருந்த இடத்தில் ஒரு நாள் கோலம் ஒன்று வந்தது. அதற்குப் பிறகு அந்தப் பெயரை நான் தொடவில்லை.

இப்போது சொல், நான் என்ன செய்திருக்க வேண்டும்? அழிக்காமல் விட்டால் லாகின் திறந்தே இருக்கும், ஆனால் எதையும் பதிய முடியாது. அழித்துவிட்டு ஓடிபி கிடைக்காமல் போனால் உள்ளேயே போக முடியாது. பதிந்து வைத்த அத்தனை பேரும் வெளியே.

போனை எடுத்து 'செல்விக்கா' என்ற பெயரை அழுத்தினேன். மணி அடித்தது. நீ எடுக்க மாட்டாய் என்று தெரிந்தும் ஒரு நொடி காத்திருந்தேன் அக்கா. அந்த ஒரு நொடியை யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாது.

"அலோ, யாருங்க?" பின்னால் தையல் மெஷின் இரைச்சல்.

"குடவாசல்லேர்ந்து பேசுறேங்க. இந்த நம்பர் முன்னாடி எங்கக்காவோடது..."

"அட, அந்த நெல்லுக்காரம்மா தம்பிங்களா? ஏனுங் தம்பி, இந்த சிம்மு வாங்குன நாள்ல இருந்து எனக்கு நிம்மதியே இல்லீங்க. நெல்லு, டோக்கன்னு மெசேஜா வருது. எந்த ஊர்க்காரரோ கூப்புட்டு யூரியா வந்துருச்சாங்கறாரு. நான் திருப்பூர்ல பனியன் கம்பெனில பிசிறு வெட்டிட்டு இருக்கறேன், யூரியாவுக்கு எங்க போவேன்? உங்கக்காகிட்டச் சொல்லி மொதல்ல நம்பர மாத்தச் சொல்லுங்க."

"அக்கா இல்லைங்க."

"எங்க போயிருக்காங்க?"

"தவறிட்டாங்க" என்றேன். "அய்யோ சாமி" என்றார் அந்தம்மா.

நான் ஓடிபி பற்றிச் சொன்னதுமே அவர் குரல் மாறிவிட்டது.

"இது வரைக்கும் நல்லாத்தானுங்க பேசினீங்க. ஓடிபி யாருக்கும் சொல்லாதீங்கன்னு போன எடுத்தாலே அந்தப் பொண்ணு கத்துது. எங்க லைன்ல ஒரு புள்ளைக்கு இப்படித்தான் சம்பளம் பூராம் போயிருச்சு. நீங்க நெல்லுக்குத்தான் கேக்கறீங்கன்னு நான் எப்படி நம்பறது?"

அவர் கேட்டது நியாயம். ஏழையை ஏமாற்றுகிறவனும் ஓடிபிதான் கேட்கிறான், நானும் அதையேதான் கேட்கிறேன்.

சித்தி என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். "ஆத்தா, நீ யாரு பெத்த புள்ளையோ. என் நெல்லு வாசல்ல கெடக்கு. நாங்க பொய் சொன்னா அது அத்தனையும் மொளச்சுப் போவட்டும்."

கடையில் நின்றவர்கள் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். சொந்த நெல்லின் மேல் அப்படி ஒரு சத்தியத்தை நம் ஊரில் யாரும் விளையாட்டுக்குக்கூடச் செய்ய மாட்டார்கள். திருப்பூரிலும் அது புரிந்திருக்கிறது.

"அப்படியெல்லாம் வாயில சொல்லாதீங்க்கா" என்றார் அந்தம்மா. "மெசேஜ்ல நெல்லுன்னு இருந்தாப் படிக்கறேன். பேங்குன்னு இருந்தா கட் பண்ணிருவேன், ஆமா. சாயங்காலம் டீ டைம்ல கூப்புடுங்க. அதுக்கப்பறம் போன வாங்கி வெச்சுருவாங்க."

டீ டைமுக்குள் புது விண்டோஸ் ஏறியாக வேண்டும். சாதிக் பென்டிரைவைச் செருகினான். 'அனைத்தும் அழிக்கப்படும்' என்று திரை கேட்டது.

"நீ அமுக்குறியா, நான் அமுக்கவா?" என்றான்.

நான்தான் அமுக்கினேன். நீ திரையில் வைத்திருந்த படம், நீ அடுக்கிய அடுக்கு, பொத்தானுக்குப் பொத்தான் உன் பழக்கம், எல்லாம் போயிற்று.

காற்று கிளம்பியது. ஃபேனை நிறுத்தச் சொன்னான் சாதிக். கரண்ட் போனால் நம் யுபிஎஸ் எவ்வளவு தாங்கும் என்று உனக்கே தெரியும். சதவீதம் நத்தையாக ஊர்ந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்த சித்தி, "என்னடா இது, தண்ணி வராத வாய்க்கா மாதிரி அங்கயே நிக்கிது" என்றாள். யாரோ சிரித்தார்கள். அதற்குள் விளக்கு அணைந்தது. யுபிஎஸ் கத்தத் தொடங்கியது. திரும்ப விளக்கு வந்தபோது சாதிக் மெஷினைக் கும்பிட்டான். கும்பிடுகிற வழக்கமே இல்லாதவன்.

டீ டைம் வந்துவிட்டது. போன் போட்டேன். முதல் ஓடிபியை அந்தம்மா படித்து முடிப்பதற்குள் நேரம் தாண்டிவிட்டது. "செல்லாதுன்னு சொல்லுதுங்களா? அட கருமமே" என்று அவரே திட்டினார். பின்னால் யாரோ அவரை அதட்டுகிறார்கள். "வர்றேனுங் சார், ஊர்ல நெல்லு நனையுதுங்!" என்று அவர் திருப்பிக் கத்தினார். எங்கோ இருக்கிற ஒருத்தி, பார்த்தேயிராத நெல்லுக்காக சூப்பர்வைசரிடம் திட்டு வாங்குகிறார். இரண்டாவது ஓடிபியை ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். தளம் திறந்தது. பெயர்கள் வந்தன. பொத்தான் வேலை செய்தது. சித்திக்கு மறுநாளுக்கு டோக்கன் விழுந்தது.

மழையும் விழுந்தது. தார்ப்பாய் போதவில்லை. தெருவில் கட்டியிருந்த கட்சி பிளக்ஸ்களைக் கிழித்துக் கொண்டுவந்து நெல்லின் மேல் போட்டோம். தலைவர்கள் இரவெல்லாம் மல்லாந்து கிடந்து நனைந்தார்கள். எனக்குத் தெரிந்து உழவனுக்கு அவர்களால் நேரடியாக ஆன நன்மை அதுதான். அடியில் இருந்த நெல்லை ஈரம் என்று கழித்தார்கள், அதைக் காயவைத்து அப்புறம் போட்டோம். மற்றதெல்லாம் தராசு ஏறியது.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நினைத்துவிடாதே. நாங்கள் ஓடிபிக்குக் காத்திருந்த அந்த மத்தியானத்தில் பயந்துபோய் வியாபாரிக்குக் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். அதே நெல்லை அவன் அதே நிலையத்தில் அரசு விலைக்குப் போட்டான். அவனுக்கு எப்படி டோக்கன் கிடைத்தது என்று கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை.

இனிமேல்தான் உன்னோடு சண்டை. நீ நல்லதுதான் செய்தாய். அவர்களுக்காக ஆபீஸ் ஆபீஸாக ஏறினாய். ஆனால் எல்லார் வீட்டுச் சாவியையும் உன் இடுப்பிலேயே செருகிக்கொண்டாயே, ஏன்? நிலத்துக்காரன் கையை எதிர்பார்த்து நின்றவர்களை உன் கையை எதிர்பார்த்து நிற்க வைத்தாய். உன் கை நல்ல கை. அதனால் என்ன? பள்ளத்துக்கு நல்ல கை, கெட்ட கை தெரியுமா?

மழை விட்ட பிறகு கடை லாகினில் உன் எண்ணை மாற்றினேன். அதற்கும் பழைய எண்ணுக்கே ஓடிபி போகுமாம். அந்தம்மாவை மறுபடி கூப்பிட்டேன். இந்த முறை சந்தேகப்படாமல் படித்துச் சொன்னார். பிறகு, "அப்ப இனி எனக்கு நெல்லு மெசேஜ் வராதுங்களா?" என்றார்.

"ஊர்க்காரங்க நம்பரையும் மாத்திட்டா வராதுக்கா" என்றேன். அந்த 'அக்கா' என்னை அறியாமல் வந்துவிட்டது.

சித்தியிடம் ஒரு பட்டன் போன் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். "எனக்கெதுக்குடா போனு? ஒன் நம்பரப் போட்டுக்க. செல்வி போட்டுக்கிட்டா இல்ல?"

"நானும் செத்துட்டா?"

"வாயக் கழுவுடா" என்று முதுகில் ஒன்று வைத்தாள். கொஞ்ச தூரம் போனவள் திரும்பி வந்தாள். "எந்தக் கடையில வாங்கணும், சொல்லு."

வாங்கிவிட்டாள். கடை லாகினிலிருந்தே அவள் பெயருக்கு அவள் எண்ணைப் பதிந்தோம். ஓடிபி வந்ததும் கடைத்தெருவுக்கே கேட்கிற மாதிரி படித்தாள். "சத்தமாப் படிக்காத சித்தி, அது ரகசியம்" என்றேன். "என் நெல்லு, என் நம்பரு, எனக்கென்னடா ரகசியம்?" என்றாள். மற்றவர்களையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். சிலர் திட்டுகிறார்கள். உங்கக்கா இப்படியெல்லாம் அலைய விடமாட்டாள் என்கிறார்கள். திட்டட்டும்.

ஒன்று மட்டும் உறுதி சொல்கிறேன் அக்கா. உன் எண் இருந்த ஒரு விவசாயியின் பெயரில்கூட என் எண்ணைப் போட மாட்டேன். நான் இல்லாத நாளிலும் இந்தக் கடை திறக்கும். வருகிறவர்கள் தங்கள் போனைத் தாங்களே பார்த்து, தங்கள் நெல்லுக்குத் தாங்களே டோக்கன் வாங்கிப் போவார்கள்.

உனக்கு அடுத்துப் பிறந்தவன்,
உன் சண்டைக்காரத் தம்பி
பிரபு