நல்ல ஊராம்

ஜூன் 11, செவ்வாய்

இந்த ஊருக்கு வந்து பதினோரு மாதம். கல்யாணத்துக்குப் பிறகு இது ஒன்பதாவது வீடு. சமையலறை மேல்தட்டில் மூன்று அட்டைப் பெட்டிகளை இன்னும் பிரிக்கவில்லை. போன ஊரிலும் பிரிக்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறதென்றே மறந்துவிட்டது.

இன்று பரிசோதனைக்கூடத்தில் நாற்பத்தொரு பேருக்கு ரத்தம் எடுத்தேன். ஒரு பெரியவர் மயங்கி என்மேலேயே சாய்ந்துவிட்டார். தண்ணீர் தெளித்து எழுப்பினால், "மன்னிச்சுக்கோம்மா, போன தடவையும் உன் மேலதான் விழுந்தேன்" என்கிறார். போன தடவை! ஒரே ஆள் என்மேல் இரண்டு தடவை விழும் அளவுக்கு நான் ஒரு ஊரில் இருந்திருக்கிறேன். வீடு வரும்வரை தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

ஜூன் 13, வியாழன்

பரிசோதனைக்கூடத்தை நடத்தும் டாக்டரம்மா கூப்பிட்டார். அக்டோபரிலிருந்து கூடத்தின் முழுப் பொறுப்பும் எனக்காம். "இருப்பீங்கல்ல?" என்றார். "இருப்பேன் டாக்டர்." சொன்ன பிறகுதான் யோசித்தேன். யாரைக் கேட்டுச் சொன்னேன்?

ஜூன் 20, வியாழன்

இவர் இன்று வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிட்டார். செருப்பைக் கழற்றிய விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

"பாலம் அடுத்த மாசம் முடியுது."

"சரி."

"அடுத்தது ஆத்துக்குக் குறுக்கே. பெரிய வேலை. ரெண்டு வருஷம் ஓடும்."

எங்கே என்று கேட்டேன். சொன்னார். ரயிலில் பதினான்கு மணி நேரம். ஜூலை பதினைந்துக்குள் அங்கே இருக்க வேண்டுமாம்.

பாலம் கட்டும் கம்பெனியில் மேற்பார்வையாளருக்கு வாழ்க்கைப்பட்டால் இப்படித்தான். அவர் கட்டிய ஒரு பாலத்தின்மேல்கூட நாங்கள் இதுவரை போனதில்லை. திறப்பதற்குள் அடுத்த ஊர் வந்துவிடும்.

பாப்பா பக்கத்து அறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பதினாலு வயசு. காதில் விழாமல் இருக்குமா? வழக்கம்போல நானே போய்த் தலையைத் தடவி, "நல்ல ஊராம் பாப்பா. பெரிய ஆறெல்லாம் இருக்காம்" என்றேன். "சரிம்மா." அவ்வளவுதான். முன்பெல்லாம் அழுவாள். அழுதால் தேவலை.

டாக்டரம்மா சொன்னதை இவரிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது — வருத்தப்படுவார். பிறகு நான் அவரைத் தேற்ற வேண்டும். அதற்கும் தெம்பு வேண்டுமே.

ஜூன் 24, திங்கள்

மளிகைக் கடையில் காலிப் பெட்டி கேட்டேன். "அதுக்குள்ளயா?" என்றார் கடைக்காரர். அந்த ஒரு வார்த்தைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பெட்டியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நடந்தேன்.

ஜூன் 28, வெள்ளி

சன்னல் திரைகளைக் கழற்றியாயிற்று. எதிர்வீட்டுக்கு எங்கள் வீடு முழுக்கத் தெரிகிறது. பார்க்கட்டும்.

ஜூலை 2, செவ்வாய்

மாற்றுச் சான்றிதழ் வாங்கப் பள்ளிக்கூடம் போனேன். அலுவலக வாசலிலேயே தமிழ் ஆசிரியை என்னைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதானே அவ அம்மா? உங்களை வரச் சொல்லணும்னே இருந்தேன். பள்ளி மலருக்குக் கவிதை கேட்டிருந்தோம். பேர் போடாம ஒண்ணு வந்துச்சு. கையெழுத்தைப் பாத்ததுமே இவதான்னு தெரிஞ்சுபோச்சு. முதல் பக்கத்துல போடறோம்."

ஒரு தாளை நீட்டினார். பாப்பா கவிதை எழுதுவாள் என்பதே எனக்குத் தெரியாது. அங்கேயே நின்று படித்தேன். வீட்டுக்கு வந்து இங்கே எழுதி வைக்கிறேன்.

*ஏழாவது பள்ளி*

*என் கையெழுத்தைப் பார்த்து*
*இது இவளுடையது என்று*
*எந்த டீச்சரும் சொன்னதில்லை.*
*சொல்லப் பழகும்போது*
*லாரி வந்துவிடும்.*

*அப்பா பாலம் கட்டுகிறார்.*
*அம்மா பெட்டி கட்டுகிறாள்.*
*ஊசி குத்தும் முன்*
*எல்லாரிடமும் "வலிக்காது" என்பாளே*
*அதே குரலில்*
*என்னிடமும் சொல்வாள்:*
*"நல்ல ஊராம்."*

ஆசிரியை என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கவிதைதானேம்மா" என்றார். கவிதைதான். ஆனால் அதில் பெட்டியைக் கட்டுகிற கை என்னுடையதுதானே?

இத்தனை வருஷமாக நான்தான் மாட்டிக்கொண்டவள் என்று நினைத்திருந்தேன். அவளை மாட்டிவிட்டவளும் நான்தானா?

சான்றிதழ் வாங்காமலே வந்துவிட்டேன்.

ஜூலை 3, புதன்

துணி மடித்துக்கொண்டே கேட்டேன். "எழுதினதை எங்கிட்ட காட்டியிருக்கலாமே?"

"காட்டினா நல்லா இருக்கும்பே. நீ எல்லாத்தையும்தான் நல்லா இருக்கும்பே."

"உனக்குப் போகப் பிடிக்கலையா?"

"இப்பதான் கேக்கறே." ஒரு துணியை மடித்து வைத்துவிட்டு, "உனக்கு?" என்றாள்.

பழைய பதில் நாக்கு நுனிவரை வந்தது. "இல்ல. பிடிக்கல. இதுக்கு முந்தின ஊருக்குப் போகவும் பிடிக்கல. அதுக்கு முந்தினதுக்கும்."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். டாக்டரம்மா கேட்டதையும் அவளிடம் சொன்னேன். பிறகு அவள் போர்வையின் மறுமுனையைப் பிடித்தாள். இரண்டு பேரும் மடித்தோம்.

ஜூலை 5, வெள்ளி

வரவில்லை என்று இவரிடம் சொல்லிவிட்டேன். அவர் டீயைத் தள்ளி வைத்தார்.

"நான் மட்டும் ஆசைப்பட்டா ஊர் ஊரா அலையறேன்? எனக்குத் தெரிஞ்சது இந்த ஒரு வேலைதான்."

"உங்களைப் போக வேணாம்னு சொல்லல. நாங்க வரல."

"நாங்கன்னா?"

"நானும் பாப்பாவும்."

கல்யாணமாகிப் பதினாறு வருஷம். வீட்டைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "நாம" என்றுதான் வாயில் வரும். இன்று "நாங்க" வந்துவிட்டது. அவரை வெளியே நிறுத்திவிட்டு வந்துவிட்டது. சொன்னதும் எனக்கே உறைத்தது. அவருக்கும்.

கவிதையைக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். தாளைக் கீழே வைக்கும்போது, "என்னைப் பத்தி ஒரே ஒரு வரிதான் இருக்கு" என்றார்.

ஜூலை 6, சனி

இரவு அவரிடம் உப்பு போதுமா என்றதற்குத் தலை மட்டும் ஆடியது.

ஜூலை 9, செவ்வாய்

அவராகவே கேட்டார். "அந்த டாக்டரம்மா உன்கிட்ட ஏதோ பொறுப்பு குடுக்கறாங்களாமே? பாப்பா சொன்னா. எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க?"

யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "தெரியல" என்றார். என்னிடம் அவர் சொன்ன மிக நேர்மையான பதில் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஜூலை 14, ஞாயிறு

ஒரு பெட்டி, ஒரு கைப்பை. ஒரு ஆளுக்குக் கட்டுவது இத்தனை சுலபமா? கட்டி முடித்த பிறகும் கயிறு மிச்சம் இருந்தது. லாரி இல்லை, ஆட்டோதான். பாப்பா கையை ஆட்டினாள். அவர் திரும்பிப் பார்த்தாரா? கண்ணாடியில் வெயில் அடித்தது, தெரியவில்லை.

ஜூலை 22, திங்கள்

மூன்று பேருக்கு அரிசி போட்டுப் பழகிய கை. தினமும் மிஞ்சுகிறது. பாப்பா அதிகம் பேசுகிறாள், பிறகு அவர் நாற்காலியைப் பார்த்ததும் நிறுத்திவிடுகிறாள். தான் எழுதியதால்தான் அப்பா தனியாகப் போனார் என்று நினைக்கிறாளோ? "உன்னால இல்ல" என்றேன். "வலிக்காதுங்கற மாதிரியே சொல்றே" என்றாள்.

இருக்க வேண்டும் என்று நானே கேட்டு வாங்கினேன். இப்போது இங்கேயும் அசைய முடியவில்லை. யாரைக் குறை சொல்வது?

ஆகஸ்ட் 24, சனி

மதியம் அழைப்புமணி அடித்தது. திறந்தால் இவர். வெயிலில் கறுத்து, கன்னம் ஒட்டி.

"உங்ககிட்ட சாவி இருக்கே?"

"இருக்கு." வாசலிலேயே நின்றார். "என்னமோ… சட்டுனு திறந்துட்டு வரத் தோணல."

பாப்பா ஓடிவந்து பையை வாங்கிக்கொண்டாள். அவர் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தார். நாளை சாயங்காலம் ரயிலாம். மின்விசிறியை வேகமாக வைத்தேன். பிறகு அவர்தான் கேட்டார்: "பாப்பா, புதுசா ஏதாவது எழுதினியா?"

அவள் என்னைப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு நோட்டைக் கொண்டுவந்தாள். என்னிடம் இல்லை, அவரிடம் கொடுத்தாள். கொடுத்துவிட்டு அவர் காலடியில் உட்கார்ந்துகொண்டாள்.

நான் டீ போடப் போனேன். திரும்பி வரும்போது அவர் இன்னும் முதல் பக்கத்தில்தான் இருந்தார். பாப்பா அவரை அவசரப்படுத்தவில்லை. நானும் டீயைப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் உட்கார்ந்தேன்.