மாத்தினதுக்குக் காரணம்: மறதி

கார்த்திகை, திங்கள். விடியத் தொடக்கம் மழை.

பெற்றோலுக்குச் சனம் வரிசையிலை நிண்ட வரியத்துக்குப் பிறகு வந்த மூண்டாம் மாரி இது. சண்டைக்குள்ளை விட்டிட்டு ஓடிவந்த எங்கடை ஊரின்ரை கடைசித் துண்டுக் காணியையும் ஆமி திறந்துவிட்ட வரியம். மகள் வசந்தி வீட்டு முருங்கை முறிஞ்சதும் இந்த வரியந்தான்.

கொக்குவில், அவள் வீட்டு முன் அறை. முழங்கால் உளைவு. பாண் ரெண்டு துண்டு, பிளேன்ரீ. மத்தியானம் பூசணிக்காய்க் கறி, உப்புக் கூட. சொல்லேல்லை.

இதை நான் எழுதேல்லை. எனக்கு எழுத்துத் தெரியாது, கையெழுத்துக்குப் பெருவிரல்தான். போனை அமத்திப் பிடிச்சுக் கதைச்சால் அதுவே எழுதுது. பக்கத்து வீட்டுத் தர்சினி காட்டித் தந்தவள். எழுதினதை வாசிக்கவும் எனக்குத் தெரியாது. அதாலைதான் துணிஞ்சு கதைக்கிறன்.

தர்சினி வீட்டிலை இருந்தபடியே கொம்பியூட்டர் வேலை செய்யிற பிள்ளை. தாய் எங்கடை ஊர். ஊர் இப்ப வெறும் தரை. வேலியில்லை, ஒழுங்கையில்லை. எந்தக் கிணறு ஆற்றை, ஆர் எந்த வழியாலை போய்வந்தவை எண்டதையெல்லாம் ஊர்ச்சனம் சேர்ந்து கொம்பியூட்டரிலை ஏத்துது. தையிலை வேலி அடைக்கேக்கை அதைப் பார்த்துத்தான் அடைக்கிறது எண்டு சங்கத்திலை முடிவு. அதிலை கிடக்கிறது அரைவாசிக்கு மேலை என்ரை வாய்ச்சொல்.

பின்னேரம் தர்சினி மதிலுக்கு மேலாலை எட்டிப் பார்த்தாள். முகம் சரியில்லை.

"அப்பு, கனடாவிலை இருந்து பாலன் அண்ணை நீங்கள் சொன்னதிலை கனக்க மாத்திப்போட்டார். நாளைக்கு வாங்கோ, காட்டுறன்."

ஏன் எண்டு கேக்கேல்லை.

செவ்வாய். மழை விட்டு விட்டு.

போனன். கொம்பியூட்டரிலை ரெண்டு பக்கம். இடப்பக்கம் பழசு, வலப்பக்கம் புதுசு. எடுத்த வரி சிவப்பு, போட்ட வரி பச்சை. பக்கத்திலை ஆர் மாத்தினது, ஏன் மாத்தினது. எழுத்துத் தெரியாதவனுக்கும் நிறம் தெரியும். தர்சினி விரலாலை தள்ளத் தள்ளச் சிவப்பு. ஒரு பச்சை இல்லை.

அவள் வாசிச்சுக்கொண்டு போனாள். பரமு வீட்டு ஒழுங்கை, சிவப்பு. கோயிலடிக் கிணறு எல்லாருக்கும் பொது எண்டது, சிவப்பு. சுடலைக்குப் போற பாதை, அதுவும்.

எல்லாம் வேறை சாட்சியில்லாமல் நான் தனியச் சொன்னது.

"பாலன் அண்ணை என்ன காரணம் போட்டிருக்கிறார் தெரியுமோ? 'ஐயாவுக்கு மறதி எண்டு ஐப்பசியிலை பதிஞ்சு கிடக்கு. ஒண்டை மறந்தவர் மற்றதை மறக்கமாட்டாரோ? ரெண்டாம் ஆள் ஓமெண்டால் திருப்பிப் போடலாம்.' நான் எவ்வளவோ சண்டை பிடிச்சன் அப்பு."

பாலன் நல்ல பெடியன், ஏத்தினதைச் சரிபார்க்கச் சங்கம் விட்ட ஆள். பிழை அவனிலை இல்லை.

ஐப்பசியிலை நடந்ததைச் சொல்லிப்போட்டுப் படுக்கிறன். ஊரிலை எங்கடை வளவுக் கிணத்திலையிருந்து பக்கத்து நல்லம்மாவின்ரை தோட்டத்துக்கு ஒரு வாய்க்கால் ஓடினது. வாய்க்கால் ஓரத்தாலை அவவுக்கு நடைபாதை. காணி உறுதியிலை இல்லை. நல்லம்மாவின்ரை புருசன் செத்த வரியம் என்ரை ஐயா, என்னைப் பெத்தவர், கிணத்துத் துலாவடியிலை நிண்டு வாயாலை குடுத்தது. "தண்ணியும் வழியும் உனக்கு எப்பவும் இருக்கு பிள்ளை" எண்டவர். நான் பக்கத்திலை தண்ணி அள்ளுற பட்டையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். இதை முதல் தரம் தர்சினிக்கு இப்பிடியே சொன்னனான்.

அந்த வளவு இப்ப வசந்தியின்ரை சீதனம். அவளுக்கு மதில் கட்டவேணும்.

"வாய்க்கால் எண்டு கிடந்தால் எப்பிடியப்பா மதில் கட்டுறது? நல்லம்மா மாமி இனி வந்து வெங்காயம் நடப்போறாவோ? நீங்கள் வாயைத் திறக்காட்டி ஆருக்குத் தெரியும்?"

போய்த் தர்சினிக்குச் சொன்னன். "அந்த வாய்க்காலை எடு பிள்ளை. அப்பிடி ஒண்டு இல்லை."

"மாத்தினால் காரணம் போடவேணும் அப்பு. இல்லாட்டி இது விடாது."

"மறதி எண்டு போடு."

அவள் விழுந்து விழுந்து சிரிச்சாள். "உங்களுக்கோ மறதி? என்ரை அம்மா சாமத்தியப்பட்ட அண்டு பந்தியிலை என்னென்ன கறி எண்டு சொன்ன ஆள்!"

சிரிச்சுக்கொண்டுதான் போட்டாள்.

புதன். வெயில் எட்டிப் பார்த்தது. உடுப்பு காய்ஞ்சுது.

பரமுவின்ரை மருமோள் போன் எடுத்தவ. பரமு செத்துக் கனகாலம். அவவுக்கு ஊரிலை ஒரு துண்டுக் காணி, நாலு பக்கமும் மற்றவையின்ரை வளவு.

"ஐயா, எங்களுக்கு ஒழுங்கை இல்லையெண்டு சொல்லினம். பறந்தோ வீட்டை போறது? நீங்கள்தானே சொன்னனீங்கள், மாட்டுக் கரத்தை போற அகலம் எண்டு?"

"ஓம் பிள்ளை. கரத்தை போனது."

"அப்ப சொல்லுங்கோவன் அவைக்கு!"

போனை வைச்சிட்டா. பிறகு மருந்துக் குளிசை போட்டனோ இல்லையோ எண்டு எனக்கே ஐமிச்சம். போட்டனான். வெள்ளைக் குளிசை.

என்ரை ஐயாவின்ரை நினைவு. பக்கத்து வளவுக்காரன் ஒருக்கால் எங்கடை பக்கம் வேலியை அரக்கிப் புதுசா அடைச்சுப்போட்டான். ஐயா இரும்பு அலவாங்கை எடுத்துக்கொண்டு போய்ப் பழைய வேலிக் கதியால் நிண்ட இடமெல்லாம் குத்திக் காட்டினார். மற்ற இடம் கல்லு மாதிரி. கதியால் நிண்ட குழி மாத்திரம் பொதுக்கெண்டு இறங்கினது. அவன் தலையைக் குனிஞ்சுகொண்டு வேலியைப் பிடுங்கினான். ஐயா அவனை ஏசவுமில்லை. அண்டைக்கு எனக்கு எவ்வளவு பெருமை.

வசந்தி இரவுச் சாப்பாட்டிலை: "ஏன் அப்பா புட்டை அளைஞ்சுகொண்டு இருக்கிறியள்?"

"பரமு வீட்டு ஒழுங்கை போச்சுது."

"அதுக்கு நாங்கள் என்ன செய்யிறது?"

அவள் கெட்டவள் இல்லை. தாயில்லாமல் வளர்ந்தவள். ஒரு மதில் கேட்டாள்.

வியாழன். மூட்டம்.

தர்சினியிட்டைப் போய்ச் சொல்லிப்போட்டன். "மறதியில்லைப் பிள்ளை. பொய்."

அவள் கதிரையைத் திருப்பிக்கொண்டு என்னைப் பார்த்தாள். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"நான் சிரிச்சனான் அப்பு," எண்டு மட்டும் சொன்னாள்.

வாய்க்காலைத் திருப்பிப் போட்டாள். பச்சை. காரணத்துக்கு என்ன போடுறது எண்டு கேட்டாள். 'பொய் சொன்னது' எண்டு போடச் சொன்னன். போட்டாள்.

"அப்ப அந்தச் சிவப்பு போயிடுமோ?"

"போகாது. ஐப்பசியிலை எடுத்தது, இண்டைக்குப் போட்டது, ரெண்டும் கிடக்கும். ஆர் எப்ப ஒப்பிட்டுப் பார்த்தாலும் காட்டும்."

கிடக்கட்டும்.

"ஆனா மற்றச் சிவப்பெல்லாம் என்னாலை எடுக்கேலாது அப்பு. மறதிக்காரர் எண்டாலும் பொய்க்காரர் எண்டாலும் பாலன் அண்ணைக்கு ஒண்டுதான். உங்களோடை ஒத்த வயசிலை அந்த ஒழுங்கையளிலை நடந்து திரிஞ்ச ரெண்டாம் ஆள் வேணும். ஆர் இருக்கினம்? யோசியுங்கோ."

வீட்டை வந்து வசந்திக்கும் சொன்னன். அவள் கோப்பையைக் கழுவினபடி நிண்டாள். தண்ணி ஓடிக்கொண்டே இருந்தது.

வெள்ளி. மழை இல்லை. காத்து.

யோசிச்சன்.

கந்தையா அண்ணை, ஊர் முழுக்க வேலி அடைச்ச ஆள். இடம்பெயர்ந்த மாரியிலை, பள்ளிக்கூட விறாந்தையிலை செத்தார்.
தபால்கார மார்க்கண்டு. கனடாவிலை, போன பனிக்குப் போயிட்டார்.
பரமு. சொன்னனான்.
சின்னத்தம்பி, வண்டில்காரன். வெங்காயத்துக்குப் பூச்சி நஞ்சு அடிக்கேக்கை அது மூச்சாலை போய், பிறகு எழும்பவேயில்லை.
அவன்ரை பெண்சாதி இருக்கிறா. பெத்த பிள்ளையையே ஆரெண்டு கேக்கிறா. அவவுக்குத்தான் உண்மையான மறதி.

இன்னும் ஒரு ஆள். தெரிஞ்சுகொண்டுதான் கடைசிக்குத் தள்ளி வைச்சன்.

பண்டத்தரிப்பிலை மோளோடை இருக்கிறா. கண் பார்வை மட்டம். மற்றதெல்லாம் வடிவா இருக்கு. ஊரிலை ஒரு ஒழுங்கை விடாமல் தலையிலை வெங்காயக் கடகத்தோடை நடந்தவ. போன ஆவணியிலை ஒரு செத்தவீட்டிலை என்ரை குரலை வைச்சுப் பிடிச்சா. "தம்பியோ? உங்கடை கிணத்துத் தண்ணி இப்பவும் அப்பிடியே இனிக்குதோ?" எண்டு கேட்டா. ஓம் அக்கா எண்டன். ரெண்டு மாதத்திலை அவவின்ரை வாய்க்காலை எடுத்தன்.

நான் சொன்னதெல்லாம் உண்மையெண்டு அவதான் வந்து சொல்லவேணும். அதுக்கு முதல் நான் என்ன செய்தனான் எண்டதை அவவுக்குச் சொல்லவேணும்.

வேட்டி மாத்தியாச்சு. தர்சினி ஓட்டோ பிடிச்சுக்கொண்டு நிக்கிறாள். வசந்தி புதன் வெயிலிலை காயவைச்ச முருங்கைக்கீரையை ஒரு பையிலை கட்டி மேசையிலை வைச்சிட்டு நிக்கிறாள்.

"ஆருக்கு?" எண்டன்.

"கொண்டுபோங்கோ," எண்டாள். "வெறுங்கையோடை போறதே?"

ஓட்டோக்காரப் பெடியன் வெளியாலை நிண்டு கேக்கிறான், ஐயா, பண்டத்தரிப்பிலை ஆர் வீடு?

நல்லம்மா வீடு.