பதினான்காம் எண் பூட்ஸ்

அனுப்புநர்:
பதினான்காம் எண் பூட்ஸ் அணிந்த தொழிலாளி,
மீன் சுத்தம் செய்யும் பிரிவு.

பெறுநர்:
தொழிற்சாலை ஆய்வாளர் அவர்கள்.

பொருள்: ஈர பூட்ஸை மூன்று ஷிப்டுக்கும் மாற்றி மாற்றி அணிய வைப்பதும், அதனால் வந்த படர்தாமரைக்கு என்னையே குற்றவாளியாக்கி வேலையிலிருந்து நிறுத்தியதும் குறித்து.

மதிப்பிற்குரிய அய்யா,

1. எங்கள் பிரிவில் வரிசை எண் எழுதிய இருபத்து நான்கு ஜோடி ரப்பர் பூட்ஸ் உண்டு. அவற்றை எழுபது பேர் அணிகிறோம். ஒருவர் கழற்றியதும் அடுத்தவர் மாட்டுவார். நான் காலை விடும்போது முந்தையவரின் சூடும் வேர்வையும் உள்ளே அப்படியே இருக்கும். உள்ளே ஒட்டியிருக்கும் துணி உறை காய்ந்து நான் பார்த்ததில்லை. நாற்றம் அடங்க ஸ்டோர்காரர் வாசனைப் பவுடர் தூவுவார். அது மீன் தண்ணீரோடு சேர்ந்து கூழாகி விரலிடுக்கில் அப்பிக்கொள்ளும்.

2. எனக்கு வந்த பதினான்காம் எண் ஜோடி ஆண்கள் அளவு. கழன்றுவிடாமலிருக்க, காலில் பாலித்தீன் பை சுற்றிக்கொண்டு அணிவேன். எட்டு மணி நேரம் கால் அதற்குள் வெந்தது. முதலில் விரலிடுக்கில் வெள்ளையாக ஊறி உரிந்தது, பிறகு தொடை வரை வட்ட வட்டமாக ஏறியது.

3. முதலுதவி அறைக்காரர் ஒரு களிம்பு தந்தார். "எல்லாத்துக்கும் இது ஒண்ணே போதும்" என்றார். மூன்றே நாளில் சிவப்பு மறைந்தது, நிறுத்தியதும் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. அரசு மருத்துவமனை டாக்டரம்மா அந்தக் களிம்புக் குழாயைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். "இதுல ஸ்டீராய்டு இருக்கும்மா. அரிப்பை அமுக்கிட்டு பூஞ்சைக்கு விருந்து வச்சிருக்கீங்க" என்றார்.

4. என் தவறையும் மறைக்கவில்லை. வீட்டில் மூவருக்கும் ஒரே துண்டு. என் மகளின் கழுத்திலும் இப்போது வட்டம் வந்திருக்கிறது. பள்ளியில் அவள் பெஞ்சில் யாரும் உட்காருவதில்லை. டாக்டரம்மா சொன்னபடி இப்போது ஆளுக்கொரு துண்டு வைத்திருக்கிறோம், துணியைச் சுடுநீரில் அலசி வெயிலில் காயப் போடுகிறோம். அரிப்பு நின்றாலும் அவர் சொன்ன நாள் முடியும்வரை மருந்தை நிறுத்த மாட்டோம்.

5. மேற்பார்வையாளரோ என்னை எல்லார் முன்பும் நிறுத்திக் காலைத் தூக்கிக் காட்டச் சொன்னார். "குளிக்காத ஒருத்தியால எல்லாருக்கும் ஒட்டிக்கிச்சு" என்றார். நான் தினமும் இரண்டு வேளை குளிப்பவள். எழுத்தில் ஒன்றும் தராமல் அன்றே என்னை வெளியே அனுப்பினார். என் பூட்ஸை மட்டும் நிறுத்தவில்லை. அடுத்த ஷிப்டிலேயே அது வேறொருத்தியின் காலுக்குப் போனது.

6. என்னை மீண்டும் வேலைக்கு எடுக்கவும், ஆளுக்கொரு ஜோடி அவரவர் அளவில் தரவும், அதைக் காயவைக்க மாற்று ஜோடி வைக்கவும் ஆணையிட வேண்டுகிறேன். அந்தக் களிம்பைத் தூக்கி எறியச் சொல்லுங்கள். நேரில் பார்ப்பதானால் சொல்லாமல் வாருங்கள், ஷிப்ட் மாறும் நேரத்தில் ஏதாவது ஒரு ஜோடிக்குள் கையை விட்டுப் பாருங்கள்.

7. கடைசியாக ஒன்று. சென்ற மாதம் தாங்கள் ஆய்வுக்கு வந்தபோது, பார்வைக்கு அடுக்கியிருந்த புது பூட்ஸ் எதுவும் தங்கள் காலுக்கு நுழையவில்லை. ஸ்டோர்காரர் பின்பக்கம் ஓடி வந்து, என் காலிலிருந்து பதினான்காம் எண்ணைக் கழற்றி, துடைத்துத் தங்களுக்குத் தந்தார். தாங்கள் சுற்றிப் பார்த்து 'திருப்தி' என்று எழுதிய அந்த ஒரு மணி நேரமும் நான் ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால் வெறுங்காலோடு நின்றேன். அருள்கூர்ந்து தங்கள் விரலிடுக்குகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். அரிப்பு இருந்தால் கடைக் களிம்பு வேண்டாம், டாக்டரிடம் செல்லுங்கள், வீட்டில் துண்டைத் தனியாக வையுங்கள். தங்களைக் குளிக்காதவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். என்னையும் அப்படிச் சொல்லக்கூடாது என்பதற்காகவே இந்த மனு.

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
பதினான்காம் எண்

இடம்: ஆலை வாசல்
நாள்: வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட இருபதாம் நாள்