இரைச்சல் விழும் இடம்

மதினி,

உங்கள் கீபோர்டில் இன்னும் வார்னிஷ் வாடை அடிக்கிறது. ஈரத்துணியால் துடைத்தேன், வெயிலில் வைத்தேன், என் வீட்டுக்காரர் முகச்சவரம் செய்தபின் தடவும் வாசனைத் தண்ணீரைக்கூடப் போட்டுப் பார்த்தேன். போகவில்லை. இன்று காலை பையிலிருந்து எடுத்து ராஜபாளையத்தில் என் வீட்டு மேசையில் வைத்தால், ஸ்ரீவில்லிபுத்தூரில் அண்ணன் கடைக்குள் நிற்பது மாதிரி இருக்கிறது. மோட்டார் காயில் சுற்றி வார்னிஷ் பூசும் கடைக்கும் பாட்டுப் போடும் அறைக்கும் நடுவே ஒரே ஒரு செங்கல் சுவர் இருந்தால் இப்படித்தான் ஆகும். மாடி அறைக்குப் போங்கள் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். மாடியில் வெக்கை என்றீர்கள்.

எதற்கும் உங்களிடம் ஒரு பதில் இருந்தது. போன ஐப்பசியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது மட்டும் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கோபம் தனியாக இருக்கிறது. இப்போது அதை எடுக்கப்போவதில்லை, எழுத வேறு கோபங்கள் நிறைய இருக்கின்றன.

உங்கள் மகன் வேலை கிடைத்து ஓசூருக்குப் போனபோது பழைய லேப்டாப்பையும் இந்தக் குட்டிக் கீபோர்டையும் விட்டுவிட்டுப் போனான். பஜனையில் பின்பாட்டுப் பாடியதைத் தவிர சங்கீதத்தோடு உங்களுக்கு வேறு சம்பந்தம் கிடையாது. யாரோ ஒரு பையன் இந்தியில் பேசுகிற வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தீர்கள். இந்தியும் தெரியாது. அவன் கை போகிற இடத்தைப் பார்த்தே கற்றுக்கொண்டீர்கள். பிறகு எனக்குப் போன் வந்தது. மில் ஆபீசில் வாரம் முழுக்கக் கம்ப்யூட்டரை முறைத்துக்கொண்டிருப்பவளுக்கு இருந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதையும் பஸ் ஏற்றி உங்களிடம் கொண்டுவர வைத்தீர்கள்.

வீட்டுக்குள் யார் வாத்தியம் வாசிக்கிறார்கள் என்று விசாரிக்க வந்த எதிர்வீட்டு அக்காவுக்கு நீங்கள் கொடுத்த விளக்கத்தை நான் இன்றுவரை எல்லோருக்கும் சொல்கிறேன். கம்ப்யூட்டருக்குள் திருகத் திருகச் சத்தம் மாறும், பிடித்த சத்தத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும், சிந்தசைசர் என்றால் அம்புட்டுத்தான். வெளியே பிடித்து வந்த சத்தத்தைக் கீபோர்டில் கட்டைக்குக் கட்டை ஏற்றிவைத்தால் அது சாம்ப்ளர். அந்த அக்கா அதற்குப் பிறகு வரவே இல்லை.

சத்தம் பிடிக்க நீங்கள் என்னை இழுத்துக்கொண்டு போகாத இடம் உண்டா? பால்கோவா கிண்டுகிற இடத்தில் துடுப்பு வாணலியைச் சுரண்டும் சத்தம் வேண்டுமென்றீர்கள். துண்டில் சுற்றிய போனை அடுப்புப் பக்கம் நீட்டிக்கொண்டு நான் வேர்த்து நின்றேன். பதிவு செய்கிறார்களே, தொந்தரவு வேண்டாம் என்று மாஸ்டர் சத்தமே வராமல் கிண்ட ஆரம்பித்தார். நன்றாக இழுத்துச் சுரண்டுங்கண்ணே என்று நீங்கள் கெஞ்ச, அடிபிடித்த பால்கோவாவை யார் வாங்குவார் என்று அவர் மறுக்க, வேலை முடியும்போது என் கை மரத்துப்போயிருந்தது. அந்தச் சுரண்டல்தான் உங்கள் பாட்டுக்குத் தாளம் ஆனது. வத்திராயிருப்பு பஸ்ஸின் கதவு, வாளியின் கைப்பிடி எல்லாம் உள்ளே வந்தன. அண்ணன் கடையில் காயில் சுற்றும் மிஷினின் கடகடவை மட்டும் வேண்டாம் என்றுவிட்டீர்கள். நாள் பூரா அதைத்தான் கேட்கிறேன், பாட்டிலுமா என்று முகத்தைச் சுளித்தீர்கள்.

சரி, அந்த டிரையல் விவகாரத்துக்கு வருகிறேன். சிந்தசைசர் சாப்ட்வேருக்குக் காசு கட்ட வேண்டும். கட்டாவிட்டாலும் ஓடும். ஆனால் ஒரே அளவு இடைவெளிக்கு ஒருதரம் 'ஸ்ஸ்ஸ்' என்று பாட்டின் நடுவில் ஓர் இரைச்சலைக் கொட்டும், வாங்காதவர்களை வெறுப்பேற்றுவதற்கென்றே செய்த ஏற்பாடு. உங்கள் மகன் திருட்டுக் காப்பி ஒன்றை அனுப்பினான். அடுத்தவன் உழைப்பைக் களவாண்டு நான் பாட்டுப் போடவா என்று போனிலேயே அவனைக் காய்ச்சி எடுத்தீர்கள். நான் வாங்கித் தருகிறேன் என்றேன். அதற்கும் சம்மதம் இல்லை. பிடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டுமாம். ஜவுளிக்கடையில் அலமாரி முழுக்கப் பிரித்துப் போட வைத்துவிட்டு, இன்னொரு நாள் வாரோம் என்று எழுந்திருப்பீர்களே, அதே குணம். மூன்று வருஷம் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அந்த இரைச்சல் உங்களுக்குப் பிடித்துப்போயிற்று. அது வருகிற இடத்திலெல்லாம் பாட்டை நிறுத்தி வழிவிட்டீர்கள். மெட்டு மேலே ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று நிற்கும். அந்த வெற்றிடத்தில் கடுகு தாளித்த மாதிரி ஸ்ஸ் என்று விழும். அது அடங்கும்போது பால்கோவாத் துடுப்பு மெல்லப் பிடித்துக்கொள்ளும். நன்றாகத்தான் இருந்தது. உங்களிடம் நான் அதைச் சொன்னதில்லை, சொல்லியிருந்தால் உங்களைப் பிடித்திருக்க முடியாது.

இதில் ஒரு தலைவலி. சிந்தசைசரைத் திறந்த நொடியிலிருந்தே இரைச்சலின் கணக்கு ஓட ஆரம்பித்துவிடும். அதற்கு ஏற்றபடி பாட்டை ஓடவிட்டால்தான் முதல் இரைச்சல் தன் இடத்தில் விழும். முதலாவது விழுந்துவிட்டால் மற்றவை தானாக விழும். அதனால் திறந்ததும் ஒரு கட்டையை டொய்ங் என்று தட்டுவீர்கள். பிறகு கண்ணை மூடி ஒரு பாசுரத்தை வாய்க்குள் சொல்லிவிட்டுப் பாட்டை ஓடவிடுவீர்கள். எந்தப் பாசுரம் என்று கேட்டால் சிரிப்பீர்களே தவிரச் சொல்ல மாட்டீர்கள். நான் செய்து ஒரு தடவையும் சரியாக வந்ததில்லை.

நீங்கள் கட்டையைத் தட்டியதும் சுவருக்கு அந்தப் பக்கம் மிஷின் நின்றுவிடும்.

"பாத்தியா, எரிச்சல. ஒங்க அண்ணனுக்கு நான் இதத் தொட்டாலே ஆவாது."

நானும் அப்படித்தான் நினைத்தேன். அண்ணன் நல்லது கெட்டது எதையும் வாய் திறந்து சொல்கிறவர் இல்லை. வன்னியம்பட்டியிலிருந்து எரிந்த மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடமே 'நாளைக்கு' என்ற ஒரு வார்த்தையோடு சரி. ஒருநாள் நீங்கள் கீபோர்டைத் துடைத்துக்கொண்டே சொன்னீர்கள், "இது முடிஞ்சதும் அவிய ஒருக்க உக்காந்து கேட்டாப் போதும்ட்டி. நல்லாருக்குன்னுகூடச் சொல்ல வேண்டாம்." கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டியதுதானே என்றேன். அவிய தானா வரட்டும் என்றீர்கள். பாட்டு முடிந்தபாடும் இல்லை, அவர் வந்தபாடும் இல்லை.

நீங்கள் போனபின் அண்ணன் கடையைத் திறக்கிறார், அவ்வளவுதான். வந்த மோட்டார்களெல்லாம் தரையில் கிடக்கின்றன. வருஷத் திதிக்கு முன்னால் பாட்டை முடித்து அவரை உட்கார வைத்துவிட வேண்டும் என்று எல்லாவற்றையும் என் வீட்டுக்குத் தூக்கிவந்தேன். நீங்கள் ஃபைல்களுக்குப் பெயர் வைத்திருக்கும் லட்சணம் அப்போதுதான் தெரிந்தது. 'புதுசு', 'ரொம்பப் புதுசு', 'இதுதான்', 'இது இல்ல'. எல்லாவற்றையும் திறந்து கேட்டேன். 'இது இல்ல' என்பதுதான் சரியான ஃபைல். அன்றைக்கு நீங்கள் எதிரில் இருந்திருக்க வேண்டும்.

அண்ணனுக்கு எரிச்சலூட்டியிருக்கும் இரைச்சல் இல்லாமல் அவர் கேட்கட்டும் என்று லைசென்ஸ் வாங்கினேன். இரைச்சல் போனது. போன இடமெல்லாம் ஓட்டை ஓட்டையாக நின்றது. புல்லாங்குழல் மாதிரி ஒரு சத்தம் செய்து ஓட்டைகளை அடைத்துக் கொண்டுபோனேன். அண்ணன் கடையில் உட்கார்ந்து முழுவதும் கேட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, உங்கள் ஆசை நிறைவேறிவிட்டதே என்று. முடிந்ததும், இது அவ போட்டது இல்லையே என்றார். நடுவில் ஸ்ஸ் என்று வருமே, அது எங்கே என்று கேட்டார். காசு கட்டாததால் வந்த இரைச்சல் அண்ணே, நான் கட்டிவிட்டேன் என்றேன். நல்ல காயிலை அறுத்துப்போட்டவளைப் பார்ப்பது போல் என்னைப் பார்த்தார்.

வேறோர் இரைச்சலைச் செய்து போனில் கேட்க வைத்தேன். டிவி கெட்டுப்போன சத்தம் என்றார். எனக்குப் பழைய இரைச்சல் திரும்ப வேண்டும் என்று கம்பெனிக்கு எழுதினேன். தாங்கள் முழுப் பதிப்பை வாங்கிவிட்டதால் இனி இரைச்சல் வராது, மகிழ்ச்சி என்று பதில் வந்தது. காசு கொடுத்து விரட்டியதை எந்த வழியில் திரும்பக் கூப்பிடுவது? கடைசியில் லைசென்ஸிலிருந்து வெளியேறி, மறுபடியும் வாங்காதவள் ஆனேன்.

நேற்று ஞாயிறு மத்தியானம் உங்கள் அறையிலேயே எல்லாவற்றையும் விரித்து உட்கார்ந்தேன். கட்டையைத் தட்டி, தெரிந்த பாசுரத்தைச் சொல்லி, ஓடவிட்டேன். இரைச்சல் மெட்டின் நடு மண்டையில் விழுந்தது. வேறொரு பாசுரம் சொன்னேன், வேறொரு மண்டை. உங்களைத் திட்டாத வார்த்தை இல்லை. அண்ணன் வாசலில் நின்றிருந்தார், பிறகு உள்ளே வந்தார். அந்த அறைக்குள் அவர் வந்து நான் பார்த்ததே இல்லை.

"ஏட்டி, நீ அவசரப்படுத. இன்னொருக்க அந்தக் கட்டையத் தட்டு."

திறந்து தட்டினேன். அண்ணன் சுவரில் சாய்ந்துகொண்டார். செத்த பொறு என்றார். நான் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"இப்பப் போடு."

மெட்டு ஏறியது, நின்றது. ஸ்ஸ் என்று அந்த வெற்றிடத்தில் அப்படியே இறங்கியது. அடுத்ததும் விழுந்தது, அதற்கடுத்ததும். அண்ணன் கடைசிவரை நின்றே கேட்டார். முழுவதும் பதிவாகிவிட்டது. எப்படி அண்ணே என்றேன்.

"அவ கட்டையத் தட்டினதும் மிஷின நிறுத்திருவேன். கடகடன்னு ஓடுனா அவளுக்குக் கணக்கு தப்பிரும்லா. பாட்டு முடிஞ்ச பொறவுதான் சுத்துவேன்."

சொல்லியிருக்கலாமே, ஒருநாள் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கலாமே என்று கத்தினேன். அண்ணனிடம் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல்முறை. அவர் உங்கள் கீபோர்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அவ கூப்புடட்டும்னு இருந்தேன்."

உங்கள் இரண்டு பேரையும் என்ன செய்தால் தகும், மதினி? ஒரே வீடு, ஒரே அடுப்பு, நடுவில் ஒரு செங்கல் சுவர். பஸ்ஸில் ஊர் திரும்பும்போதும் உங்கள் இரண்டு பேரையும் திட்டிக்கொண்டேதான் வந்தேன். அண்ணன் கேட்டிருக்கிறார். மூன்று வருஷமும், ஒவ்வொரு தடவையும், வேலையை நிறுத்திவைத்துக் கேட்டிருக்கிறார். இதைக் கொண்டுவந்து உங்கள் கையில் போட வழியில்லாமல் நான் தூக்கிக்கொண்டு அலைகிறேன்.