சின்ன டேங்க்

வெள்ளிக்கிழமை, தைப்பூசத்துக்கு முந்திய வாரம்

மனம் ஆறவில்லை. வீட்டு முன்பக்கப் பட்டறைக்கு மகன் வாங்கிய காற்று டேங்க் சின்னது. ஸ்ப்ரே துப்பாக்கி இழுக்கும் வேகத்துக்குக் காற்று நிரப்பும் மோட்டார் ஈடுகொடுக்காது, டேங்கில் காற்று நிறைய இருப்பு வேண்டும் என்று அன்றைக்கே சொன்னேன். கேட்டானா?

இன்று தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் காவடி ஒன்றுக்குச் சாயம் அடித்தான். பாதி மயிலில் காற்று இறங்கி, சாயம் பொட்டுப் பொட்டாகத் தெறித்தது.

“என்ன தம்பி, என் மயிலுக்கு அம்மை போட்டிருச்சா?” என்றார் காவடிக்காரர்.

அவர் போனதும் கத்தினேன். “பெரிசா வாங்கச் சொன்னேன்ல! வைக்க இடமா இல்ல?”

மகன் மயிலைத் துடைக்கத் தொடங்கினான். மருமகள்தான் சொன்னாள்.

“இல்லதான் மாமா. பெரிசு வெச்சா இங்க போட்டிருக்கிற உங்க கட்டில எடுக்கணும். முட்டி வலியோட மாடி ஏறுவீங்களா? அதான்லா.”

துப்பாக்கிக்கு அளவு பார்க்காமல் என் கட்டிலுக்கு அளவு பார்த்திருக்கிறார்கள்! என்னை ஒரு வார்த்தை கேட்டால் என்ன? விரதம் இருக்கிற மனிதரின் காவடி என் முட்டியாலா கெட வேண்டும்? நாளைக்கே பெரிய டேங்க் வரட்டும். நான் மாடியில் படுத்துக்கொள்கிறேன்.

இப்போதே பாயைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். பாதிப் படியில் முட்டி நின்றுவிட்டது. அங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். இறங்க மாட்டேன்.